பொங்கல் முடித்து மலைக்கு: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் குடும்பம் ஒவ்வொரு தை மாதமும் ஒன்று கூடும். பெங்களூரு, திருப்பூர், சென்னை என்று பிரிந்து போனவர்கள் பொங்கலுக்கு வீடு வந்து சேர்வார்கள். பண்டிகை முடிந்ததும் பெரியவர், சின்னவர் எல்லாரும் சேர்ந்து ஏதாவது ஒரு மலையில் ஒரு ராத்திரி தங்கி வருவோம். கார்த்திகை பிறந்தாலே சொந்தக்காரர்களிடமிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் போன் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள் வேறு, கேள்விகள் அதேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலையும் தந்திருக்கிறேன்.

பொங்கலையும் விட முடியாது, மலைக்கும் போகணும். மொத்தம் எத்தனை நாள் லீவு போடணும்?

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் மூன்றும் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. போகி அன்று வீட்டில் ஆள் வேண்டும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் நிலை, கூரை, மாட்டுக் கொட்டகை, கிணற்று மேடு, வயல் மூலை என்று காப்புக் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே போகிக்கு ஒரு லீவு, மலைக்குப் போய் வர இரண்டு நாள். சனி, ஞாயிறு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு லீவு மிச்சமாகும்.

பெங்களூரில் வேலை செய்பவர்களுக்குத்தான் சிரமம். கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரு நாள்தான் விடுமுறை. அவர்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆபீஸில் சொல்லி வைப்பது நல்லது.

காணும் பொங்கல் அன்னைக்கே கெளம்பிட்டா ஒரு நாள் மிச்சமாகுமே?

மிச்சமாகாது. அன்றைக்கு ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, ஏலகிரி, ஏற்காடு எல்லா இடத்திலும் கூட்டம் நெரியும். மலைப்பாதையில் ஒரு வளைவில் ஒரு வண்டி நின்றால் பின்னால் அத்தனையும் நிற்கும். வயதானவர்களை வண்டிக்குள்ளேயே உட்கார வைத்து, கழிப்பறைக்கும் வழியில்லாமல் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். மறுநாள் காலை கிளம்புங்கள். அறை வாடகையும் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

ஏலகிரியா, ஏற்காடா? இல்ல ஊட்டிக்கே போயிடலாமா?

உங்கள் குடும்பத்தில் பயணம் யாருக்கு அதிகக் கஷ்டமோ, அவருக்கு எந்த மலை முடியுமோ அதுதான் உங்கள் மலை. எங்கள் வீட்டில் இப்படித்தான் முடிவு செய்கிறோம். இளவட்டங்களுக்கு எந்த மலையும் சரி. மூட்டு வலிக்கிற பாட்டிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அப்படி இல்லை.

அந்தக் கணக்கில் பார்த்தால் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஏலகிரி சுலபம். பர்கூர், நாட்றம்பள்ளி வழியாகப் பொன்னேரி போய் ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுதான். உயரம் சுமார் 1,100 மீட்டர். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஔவையாரும் வருவார், அதியமானும் வருவார். நம் தகடூர் மன்னன் நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மேலே போனால் புங்கனூர் ஏரி, பூங்கா, நிலாவூர். நடக்கத் தெம்புள்ளவர்கள் சுவாமிமலை உச்சிக்கு ஏறலாம்.

தருமபுரிக்காரர்களுக்கு ஏற்காடு பக்கம். சேலம் போய் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு, உயரம் சுமார் 1,500 மீட்டர். குளிரும் பார்க்கிற இடங்களும் ஏலகிரியைவிடக் கூடுதல். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் மூன்றுக்கும் வண்டி கிட்டத்திலேயே போகும். சேர்வராயன் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலை உச்சியில், தலை குனிந்து நுழைகிற குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள்.

ராத்திரி தங்க முடியாது என்றால் தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் வத்தல்மலைக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். காபி, மிளகுத் தோட்டங்களும் மலைக்கிராமங்களும் பார்க்கலாம். ஓட்டல், கடை என்று அதிகம் எதிர்பார்க்காமல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, தூரமும் அதிகம். ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அவை வேண்டாம்.

ஜனவரியில மேல ரொம்பக் குளிருமா? ஸ்வெட்டர் புதுசா வாங்கணுமா?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஏறக்குறைய 500 மீட்டரில் இருக்கின்றன. ஆக ஏலகிரியில் நம் ஊரைவிட நாலு டிகிரி, ஏற்காட்டில் ஆறு டிகிரி குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் சுகமான வெயில். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வித்தியாசம் தெரியும்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். பனி தலையிலும் காதிலும் பாதத்திலும்தான் முதலில் தெரியும். குல்லாய், காலுறை, ஒரு சால்வை ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும். ஒரு ராத்திரிக்காகக் கனமான ஜாக்கெட் வாங்க வேண்டாம். இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்று போட்டாலே கதகதப்பு வந்துவிடும்.

அரையாண்டு லீவுல, கிறிஸ்துமஸ் சமயத்துல போனா என்ன? அப்பதான் பசங்களுக்கு நெறைய நாள் லீவு.

போகலாம். கிறிஸ்துமஸ் கொண்டாடும் குடும்பங்கள், குறிப்பாக ஏலத்தகிரி பக்கத்து எங்கள் நண்பர்கள், 25-ஆம் தேதி ஊரில் பூசை முடித்து 27, 28 வாக்கில்தான் கிளம்புகிறார்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இழுப்பதால் தூறலும் மூடுபனியும் அப்போது கூடுதல். மலை பசுமையாக இருக்கும், அருவியிலும் தண்ணீர் இருக்கும். ஆனால் ஏரிக்கரைக்குப் போய் நின்றால் பத்தடி தூரம் தெரியாமல் திரும்பி வரவும் நேரலாம். பொங்கல் வாரத்தில் வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும். டிசம்பர் 31 ராத்திரி மட்டும் குழந்தைகளோடு மலையில் இருக்க வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் அன்றைக்கு அதிகம்.

வேன் எடுக்கலாமா, ஆளாளுக்குக் கார்ல வரலாமா? பஸ் இருக்கா?

பத்துப் பேருக்கு மேல் என்றால் வேன்தான். எல்லாரும் ஒரே வண்டியில் போவதில் கிடைக்கிற பேச்சும் சிரிப்பும் நாலு காரில் கிடைக்காது. மஞ்சள் நம்பர் பலகை உள்ள வாடகை வண்டியையே எடுங்கள். தெரிந்தவருடைய வெள்ளைப் பலகை வண்டிக்கு வாடகை கொடுத்துப் போய், வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். டிரைவருக்கு மேலே படுக்க இடமும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. தூங்காத டிரைவரை நம்பி இறங்கக் கூடாது.

பஸ்ஸும் இருக்கிறது. சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கும், திருப்பத்தூரிலிருந்து ஏலகிரிக்கும் போகிறது. ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி பக்கம்.

எங்க வீட்டுக்காரர் நல்லா ஓட்டுவார், ஆனா மலை ரோட்டுல ஓட்டினதில்ல. தைரியமா போகலாமா?

பகலில், ஏலகிரிக்கு, அவசரமில்லாமல் என்றால் போகலாம். ஏறுவது சுலபம், இறங்குவதில்தான் கவனம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். சக்கரத்துப் பக்கமிருந்து கருகின வாடை வந்தால் அதுதான் அடையாளம். அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆற விடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குறுகலான ஏற்றத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வளைவுக்கு முன்னால் ஹாரன் கொடுங்கள், வளைவுக்குள் முந்தாதீர்கள். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். லோ பீம் போதும்.

ஏற்காட்டுக்குப் போகிற தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொண்டை ஊசி வளைவைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்குப் பயம் தொப்பூர் கணவாயில்தான். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது அது நீளமான இறக்கம். சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிய விபத்துகள் அங்கே எத்தனையோ. லாரிக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிப் போகாமல், வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு இறங்குங்கள்.

பசங்க வளைவுல வாந்தி எடுப்பாங்க. என்ன பண்றது?

வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையப் பொங்கலும் வடையும் வேண்டாம். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். செல்போனைப் பிடுங்கி வையுங்கள். குனிந்து திரையைப் பார்க்கிற பிள்ளைதான் முதலில் எடுக்கும். முன்பக்கம் உட்கார வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொள்வது பலருக்குக் கேட்கிறது. மாத்திரை கொடுப்பதானால் டாக்டரிடம் அளவு கேட்டு, ஏறுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அதில் தூக்கம் வரும், ஆகவே ஓட்டுகிறவர் போடக் கூடாது.

மாமியாருக்கு எழுபத்தஞ்சு வயசு. பிபி, சுகர், முட்டி வலி எல்லாம் இருக்கு. மலை உயரம் ஒத்துக்குமா?

உயரத்தால் மூச்சு முட்டுவது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். நான் சொல்லும் மலைகள் எதுவும் அந்த உயரம் இல்லை. கவனிக்க வேண்டியது குளிரை. குளிரில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரலாம். பொங்கலுக்கு முன்பே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் பயணத்துக்கு நாலு நாள் மாத்திரையை எடுத்து, பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். இன்ஹேலரும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்கள் பாதத்துக்குக் காலுறை போட வேண்டும். மரத்துப்போன காலைத் தீக்கிட்டே நீட்டிச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. காலை நடை வெயில் வந்த பிறகு.

மற்றபடி நாளுக்கு இரண்டு இடம், அவ்வளவுதான். மத்தியானம் அவர் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் இளசுகள் எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கட்டும்.

ரூம் புக் பண்ணும்போது என்னென்ன கேக்கணும்?

கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா, படி எத்தனை, உட்கார்ந்து போகிற கழிப்பறையா, வண்டி வாசல் வரை வருமா என்று முதலில் கேளுங்கள். மாமியாருக்கு மற்ற வசதிகளைவிட இவைதான் முக்கியம். அடுத்து வெந்நீர். சோலார் மட்டும் இருந்தால் மூடுபனி போட்ட மறுநாள் காலை வெந்நீர் வராது. மின்சார கீசரோ விறகு பாய்லரோ இருக்க வேண்டும். கூடுதல் போர்வை உண்டா என்பதையும் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி குளிரா இருந்தா ரூமுக்குள்ள அடுப்புக்கரி போட்டு வெக்கலாமா?

வைக்கவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவை மூடித் தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலேயே போய்விடுவார்கள். அணைந்தது போல் தெரியும் கரிக்கும் இது பொருந்தும். வெளியே தீ மூட்டிக் குளிர் காயுங்கள், உள்ளே வரும்போது தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வாருங்கள். அறைக்குள் போர்வையும் வெந்நீர்ப் பையும் போதும்.

சாப்பாடு இங்கிருந்தே கட்டிக்கிட்டுப் போகணுமா?

முதல் நாள் மத்தியானத்துக்கு மட்டும் கட்டுங்கள். புளிச்சோறு நன்றாகத் தாங்கும். தை மாதம் பச்சை மொச்சைக் காலம், வீடு முழுக்க மொச்சைக் குழம்பாகத்தான் இருக்கும். அதைச் சுண்ட வைத்து ஒரு தூக்கில் எடுத்தால் ராத்திரிக்கும் ஆகும். கொறிக்க நிப்பட்டு. ஓசூர் பக்கத்துக் கன்னட உறவுக்காரர்கள் கொண்டு வரும் எள்ளு, வெல்லம், கொப்பரை, வேர்க்கடலைக் கலவை குளிருக்கு அருமை. எங்கள் பிள்ளைகள் வண்டி ஏறும் முன்பே பாதியைத் தீர்த்துவிடுவார்கள்.

பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கேரி பை தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் எடுத்துப் போங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். மனிதர் கையில் தின்று பழகிய குரங்குதான் அடுத்து வரும் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கிறது.

அந்த சமயத்துல மேல பாக்க என்ன இருக்கு? பழம் ஏதாவது கெடைக்குமா?

ஏற்காட்டில் காபிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும் நேரம் அது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர். செடியோரம் நின்று பாருங்கள்: ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும், பறிக்கிறவர்களின் விரல் சிவப்பை மட்டும் தேடிப் பிடிக்கும். தோட்டத்துக்காரரைக் கேட்டால் ஒரு பழத்தைப் பிதுக்கி உள்ளே இருக்கும் கொட்டையைக் காட்டுவார். கேட்காமல் பறிக்காதீர்கள், அது ஒரு வருடத்து உழைப்பு. கமலா ஆரஞ்சு, மிளகு, காபித்தூள் வாங்கி வரலாம். ஏலகிரிப் பலா வேண்டுமென்றால் கோடையில் போக வேண்டும்.

வானத்தின் மேல் ஆசையுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், ஏலகிரியிலிருந்து இறங்கி ஜவ்வாது மலை காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அழைத்துப் போங்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. பார்வையாளர் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தளி, அஞ்செட்டி பக்கமும் சில்லுனுதானே இருக்கு? அங்க போனா யானை வருமா?

வரும். கேழ்வரகு முற்றி அறுப்புக்கு வரும் காலத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் இறங்கும். பொங்கல் சமயத்திலும் நடமாட்டம் இருக்கும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் பாதை அழகானதுதான், ஆனால் காலை எட்டுக்கு மேல் நுழைந்து சாயங்காலம் நாலுக்குள் வெளியே வந்துவிடுங்கள். யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரனும் வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம். ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பயிரைக் காக்கிற விவசாயிகள் வாழும் இடம் அது. அவர்கள் திரும்பிப் போங்கள் என்றால் திரும்பிவிடுங்கள்.

வீட்டுல மாலை போட்டிருக்காங்க. அவங்க எப்படி வர்றது?

ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மகரஜோதி முடிந்து வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அவர்கள் திரும்பி மாலை கழற்றும் நாளைக் கேட்டுவிட்டுத் தேதியை வையுங்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போகிறவர்கள் விரதத்தோடு வருவார்கள். அவர்களுக்கு அசைவம் சமைக்காத தனிப் பாத்திரமும், காலை மாலை குளிக்க வசதியும், பூசைக்கு ஒரு மூலையும் ஏற்பாடு செய்தால் போதும். அந்த இரண்டு நாளும் எல்லாருக்குமே சைவம் என்று வைப்பது இன்னும் நல்லது.

இந்த வருஷம் பொண்ணுக்குத் தலைப்பொங்கல். சம்பந்தி வீட்டையும் கூப்பிடணுமா?

மலைக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் மட்டும் கூப்பிடுங்கள், ஆனால் சீர் கொண்டு போகும்போதே சம்பந்தியிடம் நேரில் சொல்லி அனுமதி கேளுங்கள். போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது. அந்த வீட்டுப் பொங்கல் பானை பொங்கி முடியும் வரை பெண் அங்கே இருக்க வேண்டும். மலைப் பயணம் காணும் பொங்கலுக்கு மறுநாள் என்பதால் இரண்டு வீட்டுக்கும் இடிக்காது. அவர்களும் வருகிறோம் என்றால் தாராளமாக வரட்டும். அப்போது கீழ்த்தள அறை இரண்டு வேண்டும்.

எல்லாரும் போயிட்டா மாடு கன்னை யார் பாக்கறது? ரெண்டு வேளை பால் சொசைட்டிக்கு ஊத்தணுமே?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல்தான் பல குடும்பங்கள் வீட்டோடு நின்றுவிடுகின்றன. நாங்கள் முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் ஒரு தம்பதி வீட்டில் இருப்பார்கள். அடுத்த வருடம் எந்த மலை என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு. மூன்றாவது விதியும் உண்டு: தங்குகிறவர் பயணச் செலவில் பங்கு தர வேண்டியதில்லை. கூலிக்கு ஆள் வைப்பதானால், கறவை மாடு புது ஆளிடம் பாலை அடக்கிக்கொள்ளும். ஆகவே பொங்கலுக்கு முன்பே நாலைந்து நாள் அவரைக் கூட நின்று கறக்க விடுங்கள். மாட்டுப் பொங்கலன்று அவருக்கும் வேட்டி, துண்டு எடுத்துக் கொடுங்கள்.

செலவை எப்படிப் பிரிக்கறது? பின்னால மனஸ்தாபம் வரக் கூடாது.

சம்பாதிக்கிறவர்கள் மட்டும் தலைக்கு இவ்வளவு என்று கிளம்பும் முன்பே ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பெரியவர்கள், படிக்கிற பிள்ளைகள் கணக்கில் இல்லை. அந்த வருடம் கையிறுக்கமாக இருப்பவரிடம் தனியாகப் பேசி, முடிந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். தொகையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பணம் வைத்திருப்பவர் திரும்பி வந்த மறுநாளே கணக்கை எழுதிக் காட்டிவிட வேண்டும்.

பேசாம பொங்கலையே மலையில வெச்சுட்டா என்ன? ரிசார்ட்ல எல்லாம் ஏற்பாடு பண்றாங்களாமே.

பானையும் கரும்பும் அங்கே கிடைக்கும். வாசலில் வந்து நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர்களும், கொம்புக்கு வண்ணம் பூசக் காத்திருக்கும் மாடும், குலதெய்வத்துக்கு எடுத்து வைக்கும் படையலும் கிடைக்காது. ஊரில் வீடோ நிலமோ இல்லாத குடும்பம் என்றால் மலையில் வைப்பதில் தவறே இல்லை. ஊரில் வீடு இருக்கிறவர்கள் பொங்கலை வீட்டில் வைத்துவிட்டு மலைக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து.

இந்த வருஷம் வீட்டுல ஒரு சாவு. பொங்கல் இல்ல. மலைக்காவது போகலாமா?

வருடம் திரும்பும் வரை பண்டிகை இல்லை என்பது வழக்கம். பயணத்துக்கு அப்படி ஒரு கட்டு எங்கள் பக்கம் இல்லை, ஆனால் சில பங்காளிகள் மலைக்கோயில் ஏறக் கூடாது என்பார்கள். வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். துணையை இழந்தவர் போகலாம் என்றால் போங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். போனால் கோயில்களைத் தவிர்த்து, கூட்டமில்லாத நாளாகப் பாருங்கள்.

எங்க ஆயா "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க"ன்னே சொல்றாங்க. விட்டுட்டுப் போறதா?

ஏன் என்று தனியாக, அவர் பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கழிப்பறை, படி, "என்னால உங்களுக்குத் தொந்தரவு" என்கிற எண்ணம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அறையைப் பற்றி மேலே சொன்னதை எல்லாம் கேட்டு, கீழ்த்தள அறையின் போட்டோவை வாங்கிக் காட்டுங்கள். வழியில் எங்கெங்கே வண்டியை நிறுத்துவோம் என்றும் சொல்லுங்கள். பாதிப் பேர் இதிலேயே சம்மதித்துவிடுவார்கள். அப்போதும் தயங்கினால் அந்த வருடம் ஏற்காட்டை விட்டு வத்தல்மலைக்கோ, கிருஷ்ணகிரி அணைக்கோ பகலில் எல்லாருமாகப் போய் வாருங்கள்.

உண்மையிலேயே வீட்டில் இருக்கத்தான் பிரியம் என்றால் வற்புறுத்த வேண்டாம். மாட்டுக்காகத் தங்கும் தம்பதியோடு அவரும் இருக்கட்டும். வேளை மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது, ராத்திரி பக்கத்தில் யார் படுப்பது என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.